ஓநாயின் கோபம்

"உங்க ஓநாய் கோபப்பட்டா சிரிப்புத்தான் வருது. அழிச்சிட்டு வேற வரைங்க" என்றார் டைரக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கார்ட்டூனுக்காக மேஜைக் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்து, புருவத்தை நெரித்து, விரலை ஆட்டி, மூன்று மாதம் வரைந்த கோபம் அது.

"இப்பதானே ஆபீஸ் ஆளுங்க பிள்ளைங்க இருபது பேருக்குப் போட்டுக் காட்டினீங்க. ஒருத்தர்கூடவா பயப்படலை?" விரலை ஆட்டிக் கேட்டேன்.

"பத்தொன்பது சிரிச்சுது. ஒண்ணு மட்டும், ஓநாய் விரலை ஆட்டினதும் நாற்காலிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு."

"அதுக்காவது ரசனை இருக்கே. யார் பெத்த பிள்ளை அது?"

டைரக்டர் கதவைத் திறந்துவிட்டார்.

வாசலில் என் மகள் நின்றிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் நீட்டியபடியே இருந்த என் விரலைத்தான் பார்த்தாள்.