வாசலுக்கு வாசல் சேலை

ஆள் இல்லையென்று எந்தப் புண்ணியவான் சொன்னான்? மீனவர்களுக்கு அரசு கட்டிய குடியிருப்பின் மூன்று மாடியிலும் வாசலுக்கு வாசல் கொடி கட்டிச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டோவை விட்டு இறங்கிய ரம்யாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித் தரலாமா, வேண்டாமா என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் வேலை அவளுக்கு. ஊருக்குள், மில்லர்புரத்தில் கேட்ட இடமெல்லாம் ஒரே பாட்டு: "கடற்கரை ஆளுகளுக்குக் கட்டிக் குடுத்தாங்களே, எவன் குடி போனான்? எல்லாம் வீண்!" ஆள் இல்லையென்று அவளும் எழுதிவிட்டால் அடுத்த கட்டடம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று, லீவென்றும் பாராமல் வந்திருந்தாள்.

கீழ்வீட்டு அல்போன்சா ஓடி வந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ரம்யாவை உட்காரவைத்து, கேட்காமலே காப்பியும் கொடுத்தாள்.

"அரசாங்கம் இன்னும் வீடு கட்டலாமாக்கா?"

"கட்டணும் தாயி! இங்கனயே பக்கத்துல கட்டணும். எங்களுக்கு என்ன கொறச்சல்? பிள்ளைக போடுத சத்தத்துல காது அடைச்சுப்போவும்."

"மத்த வீடெல்லாம் பூட்டியிருக்கே?"

"ஆம்பளைக கடலுக்குப் போயிருக்காவ. பொம்பளைக மீன் விக்கப் போயாச்சு. இன்னொரு காப்பி குடிக்கியா?"

கிளம்ப விட்டால்தானே! ஆட்டோ வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வண்டி நகர்ந்ததும் ரம்யா பெருமையாகச் சொன்னாள். "பாத்தீங்களா அண்ணாச்சி, எல்லாரும் இங்கதான் இருக்காங்க. கடலுக்குப் போயிருக்காங்களாம்."

ஆட்டோக்காரர் செல்வதுரைக்குச் சொந்த ஊர் தருவைகுளம், மீன்பிடி கிராமம். சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கெழம எவன் மேடம் கடலுக்குப் போவான்? மாதா கோயிலுக்குல்லா போவான். இங்கனருந்து கடலு எங்கன கெடக்கு! அவனவன் எப்பவோ கரையில பழைய குடிசைக்கே திரும்பிட்டான்."

ரம்யாவுக்குச் சுருக்கென்றது. வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

முதல் மாடியில் அல்போன்சா ஒரு வாசல் சேலையை உருவித் தோளில் போட்டாள். பிறகு அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல். அவ்வளவு பெரிய கட்டடத்தில் வேறு ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ரம்யா இறங்கிப் படியேறினாள்.

"அக்கா, எல்லார் துணியையும் நீங்களே எடுக்கிறீங்களே?"

சேலைக் குவியலோடு திரும்பிய அல்போன்சாவின் முகம் செத்துப்போனது.

"அம்புட்டும் என் சேலைதான். ஆளில்லன்னு எழுதிராத தாயி... பொறவு ஒருத்தரும் குடி வரமாட்டாவ."