என் கண்ணால் படித்த பிறகு

"பவர் எழுதிக் குடுத்துட்டு நீ பாட்டுக்கு ஃப்ளைட் ஏறு சேச்சி. மீதிய நான் பார்த்துக்கிறேன்."

"நீ பார்த்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுமே," என்றாள் ஷைபி. "அப்பச்சன் செத்து நாப்பத்தோரு நாள்கூட ஆகல அப்போ. வாரிசு பேப்பர்னு படிச்சுக் காட்டினே. நானும் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பார்த்தா ரப்பர் தோட்டம் மொத்தமும் உன் பேர்ல!"

"உனக்குத்தான் கல்யாணத்துல ஸ்த்ரீதனம் குடுத்தாச்சே."

"ஒரு மாருதி கார். அதுக்கு நாலு ஏக்கரா? வாயை மூடிட்டுப் பத்திரத்தைக் குடுடா டோமி. இனிமே என் கண்ணால படிக்காம எதுலயும் கையெழுத்து கிடையாது. அடுத்தவன் படிக்கிறதைக் கேட்டுக் கையெழுத்துப் போடறவ மண்டைல களிமண்ணுதான் இருக்கும்."

பூஞ்ஞாறில் இருக்கும் இந்த வீடும் நாற்பது சென்ட் நிலமும் அக்கா, தம்பி இரண்டு பேர் பேரிலும் அப்பச்சன் எழுதி வைத்தது. எர்ணாகுளத்து டாக்டர் ஒருவர் கேட்ட விலைக்கு வாங்கத் தயார். ஷைபிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை. பதினாலு வருஷம் அடுத்தவர் படுக்கையைச் சுத்தம் செய்தும் இன்னும் வாடகை வீடுதான். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் அங்கே ஒரு வீடு சொந்தமாகும். கட்டாவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும். நாளைக் காலை அவளுக்கு விமானம்.

அவர்களைப் பெற்ற அம்மச்சி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். ஷைபியின் தம்ளர் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தால் எதையோ எடுத்தாள்.

"பொடி எறும்பு, மோளே."

ஷைபி நிமிரவில்லை. பத்திர நகலின் பதினோரு இடங்களில் பென்சிலால் சுழித்தாள். பணம் பாதிப் பாதியாக நேராக அவரவர் கணக்குக்கு. கிணற்றடித் தேக்கு மரமும் விலையில் சேரும். தம்பி டோமிச்சன் தலையைச் சொறிந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றான்.

"இவ்வளவு சீக்கிரம் சரிங்கிறியே, எங்கடா ஓட்டை வெச்சிருக்கே?"

"சந்தேகப்பட்டே சாவு."

"அதிருக்கட்டும். அம்மச்சி?"

"உன்கூட அயர்லாந்துக்குன்னு நினைச்சேன்."

"அந்தக் குளிர்லயா? கொச்சில உனக்கு மூணு ரூம் ஃப்ளாட் இருக்குல்ல?"

"என் பொண்டாட்டிக்கும் அம்மச்சிக்கும் ஒத்துப்போகணுமே... அப்புறம் பேசிக்கலாம் சேச்சி."

"சரி, அப்புறம் பேசிக்கலாம்."

அன்று காலை முழுக்க அவர்கள் சண்டை போடாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அம்மச்சி காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பதினோரு மணிக்கு ஈராட்டுப்பேட்டையில், பத்திரம் எழுதும் குறுப்பு என்பவரின் அறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டடம்தான் ரெஜிஸ்டர் ஆபீஸ். டாக்டர் அங்கே காத்திருந்தார். ஷைபி திரும்ப ஒருமுறை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். தம்பியை ஒரு முறை முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். டோமிச்சன் போட்டான். ஷைபி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"இருங்க, மூணாவது ஆள் போட வேண்டாமா?" என்றார் குறுப்பு. "அம்மச்சி இருக்கிற வரைக்கும் வீட்டுல இருக்க உரிமைன்னு அப்பச்சன் எழுதியிருக்காரு. அதை அவங்க விட்டுக்கொடுத்தாத்தான் விற்க முடியும்."

ஷைபி அந்த வரியையும் படித்திருந்தாள். அங்கே மட்டும் பென்சில் நிற்கவில்லை.

"அம்மச்சி, இந்தா, இங்க," டோமிச்சன் பேனாவைத் திறந்து நீட்டினான்.

அம்மச்சி பேனாவை வாங்கவில்லை. "என்ன எழுதியிருக்கு?"

"நான் படிச்சுக் காட்டறேன்."

"ஐயோ, வேண்டாம்டா. அடுத்தவங்க படிச்சுக் கேட்டுக் கையெழுத்துப் போடறவ மண்டைல களிமண்ணுன்னு காலைல சேச்சி சொல்லலியா? என் கண்ணால படிக்கணும்."

"சரி, படி," என்று காகிதத்தை நகர்த்தினாள் ஷைபி.

"கண்ணாடி?"

"டோமி, வண்டியை எடுத்துட்டுப் போய்க் கொண்டாடா. அரை மணி நேரம்தான்."

"வீட்டுல எங்க இருக்கு? உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு," என்றாள் அம்மச்சி. "ஒண்ணு எடுத்துக் குடுன்னு இவன்கிட்ட சொன்னேன். உன்கிட்டயும் போன்ல சொன்னேன். ரெண்டு பேரும் அப்புறம் பார்க்கலாம்னீங்க."

குறுப்பு மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"அம்மச்சி, நாளைக்கு எனக்கு ஃப்ளைட்!" என்றாள் ஷைபி. "என் வீடு போயிடும்."

"வீடு போறது கஷ்டம்தான் மோளே. நீ நல்லபடியா போயிட்டு வா. அடுத்த லீவுக்குள்ள கண்ணாடி வாங்கிடறேன். சாவகாசமாப் படிப்போம்."

"எல்லாம் உன்னாலதான்!" என்று டோமிச்சன் அக்கா மீது பாய்ந்தான். "களிமண்ணாம், களிமண்! யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?"

"கண்ணாடி வாங்கிக் குடுக்கத் துப்பில்ல, பேசறான் பாரு!"

அவர்கள் கத்தி முடிக்கட்டும் என்று அம்மச்சி பெஞ்சில் கிடந்த பேப்பரை எடுத்து மரணச் செய்திப் பக்கத்தைப் பிரித்தாள். மூக்கின்மேல் ஒன்றும் இல்லாமலேயே, கடுகு மாதிரி இருந்த எழுத்தை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள்: "தெக்கேமுறி மரியாம்மா, எண்பத்தொண்ணு. தனியா வசித்து வந்தார். மக்கள்: பென்னி (கனடா), ஷீலா (குவைத்). அடக்கம்... பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகு."