எண் அழித்த தூண்

பெருநகரத்தின் பழைய வீடொன்றுக்குள் இன்ஜினியரின் ஆட்கள் வந்து, தூண், ஜன்னல், கதவு என்று சிலவற்றில் சாக்பீஸால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். தேக்குத் தூணுக்கு வெலவெலத்துவிட்டது.

"எதிர்வீட்டுச் சுவரிலும் இப்படித்தான் எண் போட்டார்கள். மறுவாரம் அந்த வீடே இல்லை!"

பக்கத்து ஜன்னலின் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. "ஐயோ, எனக்கும் போட்டிருக்கிறார்களே!"

உத்தரத்தில் ஓடிய அணிலிடம் தூண் கெஞ்சியது. "தம்பி, உன் வாலால் இதை அழித்துவிடேன். உனக்குப் புண்ணியமாய்ப் போகும்."

அணில் துடைத்து அழித்தது. ஜன்னலுக்குத் தாவுவதற்குள் வேலையாட்களோடு மேஸ்திரி வந்துவிட்டார். அணில் ஓடி ஒளிந்துகொண்டது.

ஜன்னலைக் கழற்றிச் சாக்கில் சுற்றச் சொன்னார் மேஸ்திரி. "பாத்துப்பா! வீட்டைச் சரிபண்ணினதும் அதே இடத்துல மாட்டணும்."

பிறகு தூணை நாலு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"இதுல நம்பர் இல்லையே. நம்பர் போட்டதை மட்டும்தான் இன்ஜினியர் வெச்சுக்கச் சொன்னாரு. அறுத்து விறகு லாரியில ஏத்துங்க."

தூண் அலறியது. அணிலுக்கு மட்டும்தான் கேட்டது. அதன் வாலில் சாக்பீஸ் தூள் இன்னும் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.