பஸ் நிறுத்தத்துத் தூக்குவாளிகள்

“இந்தத் தூக்குவாளி என்ன வெலை?” பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண் குனிந்து பார்த்துக் கேட்டாள்.

“விக்கிறதுக்கு இல்லம்மா,” என்றார் தேவாசீர்வாதம். காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கு வறண்டிருந்தது.

ஏழாயிரம்பண்ணையில் வெடிக் கம்பெனி லாரிக்குப் பெண்கள் காத்து நிற்கும் இடம் அது. அங்கேதான் தூக்குவாளிகளை வரிசையாக வைத்திருந்தார். போன மாதம் கம்பெனியின் வெடிமருந்து அறையில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வைத்திருந்த சோற்று வாளிகள் மட்டும் வீடு திரும்பின.

தேவாசீர்வாதம் சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். போன வருஷம் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு வெடி விபத்து நடந்தபோது, செத்தவர்களின் சேலைகளைச் சந்தைக்கு நடுவே கொடி கட்டித் தொங்கவிட்டார். சனங்கள் நின்று பார்த்தார்கள், அழுதார்கள், பிறகு கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இனி இப்படிக் காட்சி வைக்கிற வேலையே வேண்டாம் என்றுதான் இருந்தார். ஆனால் இந்தத் தடவை செத்தவர்களில் அவரிடம் படித்த பொன்னுத்தங்கமும் இருந்தாள். அவளுடைய அம்மா பத்திரகாளிதான் முதல் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்ற வீடுகளில் பேசி வாங்கித் தந்தவளும் அவள்தான்.

மத்தியானம் கம்பெனி மேனேஜர் சங்கரபாண்டியன் வந்தார். அவரும் தூங்காத முகத்தோடுதான் இருந்தார்.

“சார், ஒங்க வருத்தம் புரியுது. திங்கக்கிழமை கம்பெனி தொறக்குறோம். தீவாளி ஆர்டர் அப்படியே கெடக்கு. இதப் பாத்துட்டு எவ வேலைக்கு வருவா? எடுத்துருங்க.”

“எடுக்க மாட்டேன்,” என்றார் தேவாசீர்வாதம்.

மேனேஜர் தானே குனிந்து ஒரு வாளியைத் தொட்டார்.

“கைய எடுங்க!” சுற்றி நின்று பார்த்த கூட்டத்திலிருந்து பத்திரகாளி பாய்ந்து வந்தாள். “எங்க பிள்ளைக சோறு கொண்டுபோன வாளி இது. ஒங்களுக்குத்தான் அதுக மூஞ்சி மறந்துபோச்சு. ஊரு பாக்கட்டும். வாளில கை வச்சீக, நடக்கிறது வேற!”

மற்ற பெண்களும் வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். மேனேஜர் காரில் ஏறிப் போனார்.

தேவாசீர்வாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த ஒரு தடவையாவது நாம் செய்தது வீண்போகவில்லை என்று தோன்றியது. அந்த நினைப்பிலேயே கண் சொருகியது.

வெயில் சாய்ந்தபோது ஏதோ சத்தம் கேட்டு விழித்தார். கூட்டம் கலைந்திருந்தது. பத்திரகாளி மட்டும் பொன்னுத்தங்கத்தின் வாளியை எடுத்து முந்தானையால் புழுதி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, மேனேஜர் ஆள் விட்டு மெரட்டுனாரா?”

“இல்ல சார்.”

“பெறகென்ன? வீட்லயே வச்சுப் பாத்துக்கிடணும்னு தோணுதா? கொண்டுபோங்க. ஒங்க பிள்ளையோடதுதான.”

பத்திரகாளி வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோவிச்சுக்கிடாதீக சார். திங்கக்கிழமையிலருந்து சின்ன மகளுக்குச் சோறு கட்டணும்.”