ஈரம் பிழிகிறவன்

தண்ணீர்ப் பூங்கா திறந்த முதல் நாளே இஸ்ரவேலுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. குளித்துவிட்டு வெளியே போகிறவர்களின் துணியை வாங்கி, தொட்டியில் ஒட்டப் பிழிந்து கொடுப்பது அவன் வேலை. ஈரத்தோடு யாரும் வாசலைத் தாண்ட முடியாது. துளி ஈரம் இருந்தாலும் சிவப்பு விளக்கு எரியும்.

வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் கிடைக்கிற ஜனம் சும்மா விடுமா? ஒருத்தர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளித்தார். ஒரு குடும்பமே ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு சறுக்கியது. மூன்று மணிக்குள் குளம் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. தண்ணீரெல்லாம் துணியில் இருந்தது. இஸ்ரவேல் வெயிலில் நின்று பிழிந்துகொண்டே இருந்தான்.

ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினான். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"மேடம், இது என் வேர்வை மேடம்."

மேனேஜர் நிர்மலாவுக்கும் நின்று நின்று கால் வீங்கியிருந்தது. "தெரியுது இஸ்ரவேலு. ஆனா காலையில இருந்து நீ குடிச்சது பூங்காத் தண்ணிதானே?"

அவன் சட்டையைக் கழற்றித் தொட்டிக்கு மேல் பிடித்தான். நாள் முழுக்கப் பழகிப்போன கை, அவன் சொல்லாமலே இன்னொரு முறுக்கு முறுக்கியது.