ஊரார் சட்டை

"மேடம், இந்த ஆளை நல்லாப் பாருங்க. இப்ப நீலச் சட்டை."

சர்வேக்காரர் வீடியோவை ஓட்டினார். நீலச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவில் புகுந்து கடைத்தெருவைக் கடந்தார்.

"இப்ப கட்டம் போட்ட சட்டை. ஆனா அதே நடை, அதே வழுக்கை. இதோ, இப்ப செக்யூரிட்டி யூனிஃபார்ம்!"

இன்ஜினியர் அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

அந்தக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு ஏற்றபடி மாற்றுவது அவருடைய திட்டம். வண்டிகளுக்கு இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்க வேண்டும். ஜனங்கள் எங்கே அதிகம் கடக்கிறார்களோ அங்கே சிக்னலோடு ஒரு கிராசிங். ஒரே ஒரு கிராசிங்குக்குத்தான் அனுமதி. அதற்காகத்தான் கேமரா வைத்துத் தலைகளை எண்ணினார்கள். எண்ணியதில் பாதி ஒரே தலை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"யாரு இது?"

"லாண்டரிக்காரர் மேடம். கிராசிங் கடை வாசல்ல வந்தா வியாபாரத்தை அள்ளலாம்ல? அதான், துவைக்க வந்த சட்டையை எல்லாம் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு நடந்திருக்கார்."

வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள்.

சங்கத் தலைவரான நகைக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். "யோவ், அது என் சட்டைய்யா! மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்தது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசி நாற்காலியில் லாண்டரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் தன் சொந்தச் சட்டையில்தான் வந்திருந்தார். காலர் கிழிந்திருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார் இன்ஜினியர்.

அவர் எழுந்தார். ஏதோ சொல்ல வந்து, பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"தப்புத்தான் மேடம். அந்த இடத்துல ஒரு கிராசிங் வேணும். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"வேற எதுக்கு? ஆசை யாரை விட்டுச்சு!" என்றார் தலைவர்.

"உங்க ஒருத்தருக்காகவா தெரு போடறோம்? பொதுக் காரியத்துல இப்படி சுயநலம் பார்க்க உங்களுக்கு எப்படிங்க மனசு வந்தது?"

இன்ஜினியர் கேட்டதற்குக் கைதட்டல் பலமாகவே விழுந்தது.

லாண்டரிக்காரரின் நடையை எல்லாம் கணக்கிலிருந்து கழித்தார்கள். கிராசிங் தெருக்கோடியில் இருந்த நகைக்கடை வாசலுக்குப் போனது. ஆசையைப் பற்றிப் பேசிய தலைவர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொருவராக லாண்டரிக்கு வந்து, முகம் கொடுத்துப் பேசாமல் துணிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

தெரு அழகாகத்தான் வந்தது. புதுக் கல், புது விளக்கு, உட்கார பெஞ்சு. திறப்பு விழாவுக்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று இன்ஜினியர் மட்டும் வந்தார். வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. லாண்டரியின் ஷட்டர் இறங்கியிருந்தது. பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்துக் கிடந்தது.

அந்த வாசலுக்கு நேரே, நடைபாதை ஓரத்தில், வெள்ளைக் கோலோடு ஒரு பெண் நின்றிருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. காலை எடுத்து வைப்பதும், ஹாரன் சத்தம் கேட்டுப் பின்வாங்குவதுமாக இருந்தார்.

"பக்கத்துல யாராவது இருக்கீங்களா? என்னைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் விட்டுடறீங்களா? அந்த ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டரா இருக்கேன். டியூட்டிக்கு நேரமாச்சு."

"கிராசிங் அந்தக் கோடியில இருக்கேம்மா" என்றார் இன்ஜினியர்.

"அங்க போற வழியெல்லாம் பைக்கை நிறுத்தியிருக்காங்கம்மா. நேத்து போய்த்தான் நெத்தியில வாங்கிக்கிட்டேன்."

இன்ஜினியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பஸ்ஸை விட்டு, ஒரு வேனை விட்டு, இருவரும் இறங்கினார்கள்.

"இத்தனை வருஷமும் என் வீட்டுக்காரர்தான் இப்படிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். இங்கதான் லாண்டரி வச்சிருந்தார். தெரு அழகாகப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே, வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே, கடையைக் காலி பண்ணணும்னு கட்டடச் சொந்தக்காரர் சொல்லிட்டார். இப்ப ஊருக்கு வெளிய ஒரு ஹோட்டல்ல துணி துவைக்கப் போறார். நான் கடையை விட்டுப் போறதுக்குள்ள உனக்கு இங்க ஒரு கிராசிங் வர வச்சிடறேன்னு தலைகீழா நின்னு பார்த்தார்."

இன்ஜினியர் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார். ஹாரன்கள் அலறின. அந்தப் பெண்தான் அவரை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"அவர்... அவர் அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"நாலு பேர் முன்னாடி என்னைக் காட்டிப் பரிதாபம் தேடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனா ரோடு போடற ஆபீஸுக்குத் தனியாப் போய்ச் சொல்லிப் பார்த்தார். ஒரு ஆளுக்காக எல்லாம் கிராசிங் போட முடியாது, கூட்டம் கடந்தாத்தான் போடுவோம்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. அந்தப் பெண் கோலால் ஓரக்கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார்.

"அதான் பாவம், அவரே கூட்டமாயிட்டார்."