டொக்டர் லக்ஷனின் இருபது புள்ளி

“டொக்டர் வதனி, இந்த இடாப்பில உங்கட கையெழுத்து ரெண்டு கிடக்கு.”

இப்றாஹிம் வரவு இடாப்பின் இரண்டாம் பக்கத்தை மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். மட்டக்களப்பு மிருக வைத்தியர்களுக்கான தொடர்கல்வி வகுப்புகளுக்கு அவர்தான் பொறுப்பதிகாரி; அவரும் ஒரு மிருக வைத்தியர்தான். கால்-வாய் நோய் பற்றிய அன்றைய வகுப்பு முடிந்து, மழை பிடிப்பதற்குள் வீடு போய்ச் சேர எல்லாரும் ஓடிவிட்டார்கள். வதனியை மட்டும் அவர் நிறுத்தி வைத்திருந்தார்.

“ஒண்டு என்ட, சேர். மற்றது டொக்டர் லக்ஷன்ட.”

“பேர் லக்ஷன்டதான். எழுதின கை ஆர்ட?”

வதனி வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வந்ததும் வராததுமாக இப்படியா அகப்படுவது!

“அவர் வந்தவர் சேர். பின் வரிசையில இருந்தவர்.”

“பின் வரிசையில நாலு பேர் இருந்தாங்க. நாலு பேரும் நல்ல நித்திரை. பகலைக்குப் புரியாணி குடுத்தது என்ட பிழை, அத விடுங்க. அந்த நாலில லக்ஷன் இல்ல.”

வேறு நேரமாக இருந்தால் வதனி சிரித்திருப்பாள்.

“சட்டம் தெரியும்தானே?” என்றார் இப்றாஹிம். “சண்டைக் காலத்தில வாவியைக் கடந்து வர ஏலாம நிண்ட டொக்டர்மாரிட்ட நாங்க புள்ளி கேட்டமா? இல்ல. இப்ப சண்டை முடிஞ்சி ஒண்டரை வருசம். இனிச் சாட்டுச் சொல்ல ஏலா. ஒரு வகுப்புக்கு ஒரு புள்ளி, மார்கழி முடியிறதுக்குள்ள இருபது புள்ளி இல்லாட்டி டொக்டர்மார்ட பட்டியல்ல இருந்து பேரை எடுத்துருவாங்க. வராத ஆளுக்குக் கையெழுத்துப் போட்டா, போட்ட ஆள்ட பேரும் சேர்ந்து போகும்.”

“தெரியும் சேர்.”

“தெரிஞ்சும் போட்டிருக்கிறீங்க! பிறகு மாட்டுக்கு ஒரு ஊசி போட ஏலாது, கோழிக்கு ஒரு மருந்து எழுத ஏலாது. பேராதனையில கஷ்டப்பட்டுப் படிச்ச படிப்பு அவ்வளவும் வீண். ஆருக்காக இந்த விசர் வேலை? எங்க அந்த ஆள்?”

“பெரியகல்லாறுக்குப் போனவர் சேர். கண்டு ஈன ஏலாம ஒரு பசு கஷ்டப்படுதெண்டு கூப்பிட்டிருக்காங்க.”

“எப்ப போனவர்?”

“மார்கழி இருபத்தாறு.”

வெளியே கார்த்திகை மழை தகரத்தில் இரையத் தொடங்கியிருந்தது. இப்றாஹிம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“எந்த மார்கழி?”

“சுனாமி மார்கழி.”

சொன்னதுதான் தாமதம், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முயலவில்லை.

“ஒண்டாப் படிச்சனாங்க சேர். ஆள் கிடைக்கவே இல்ல. அவர்ட அம்மா புஸ்பம் மாமி மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க மாட்டன் எண்டுட்டா. கிராம சேவகர் வீடு தேடி வந்து கேட்டும், ‘கண்ணால காணாத சாவுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டன்’ எண்டு திருப்பி அனுப்பிட்டாவாம். வருசா வருசம் டொக்டர்மார்ட பட்டியல் ஒட்டினதும் பஸ் ஏறி வந்து, மகன்ட பேரைப் பார்த்திட்டுப் போவா. வாக்காளர் பட்டியல்ல பேரை எடுத்திட்டாங்க. மிச்சம் இருக்கிறது இது ஒண்டுதான்.”

வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போன கிழமை என்னைக் கண்டு கேட்டா, ‘பிள்ள, புள்ளி புள்ளி எண்டு என்னவோ கதைக்கிறாங்களே, மகன்ட பேரை எடுத்துப் போடுவாங்களோ’ எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? எடுக்க மாட்டாங்க மாமி எண்டு வாக்குக் குடுத்திட்டன். இருபதும் எப்பிடி வரும் எண்டு தெரியாமலே இண்டைக்கு ஒண்டைப் போட்டன்.”

“மவுத்தான ஆள் கால்-வாய் நோய் படிச்சி என்ன செய்யப் போறான், டொக்டர்?”

கேள்வி கடுமையானதுதான். கேட்ட குரலில் கோபத்தைக் காணவில்லை.

“அது எனக்குத் தெரியும் சேர். அந்த மனுசிக்குத் தெரியாம இருக்கட்டுமே.”

இப்றாஹிம் பேனையை எடுத்தார். அடிமட்டம் வைத்து, அவள் எழுதிய லக்ஷனின் வரியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே கோடாக வெட்டினார்.

“ஐயோ சேர்! என்ட பேரை வெட்டுங்க, அவர்ட பேரை வெட்டாதீங்க. அந்த மனுசிட முகத்தில நான் எப்பிடி முழிப்பன்?”

“வெட்டாட்டித்தான் பிழை. ஒரு ஆளுக்கு ரெண்டு கையெழுத்து இருந்தா கொழும்பில பிடிச்சிருவாங்க.”

“ரெண்டா? லக்ஷனுக்கு நான் ஒண்டுதானே சேர் போட்டன்?”

இப்றாஹிம் இடாப்பின் முதல் பக்கத்தைத் திருப்பினார். பிந்தி வந்த வதனி அந்தப் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. முதலாவது வரியிலேயே இருந்தது, லக்ஷனின் பெயர், பதிவிலக்கம், கையெழுத்து.

“விடிய மண்டபம் திறந்ததும் நான் போட்டது. இந்த வருசத்து எல்லா வகுப்புக்கும் நாந்தான் போட்டன், இண்டையோட இருபதும் சரி. டொக்டர்மார் எல்லாரும் பாத்தாங்க, ஒரு ஆளும் வாய் திறக்கல்ல.”

“நீங்க ஏன் சேர்...?”

இப்றாஹிம் இடாப்பை மூடினார்.

“அண்டைக்கு ஞாயித்துக்கிழமை, கடமை எனக்கு. பெரியகல்லாறுப் பசுவைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டாங்க. வீட்டில விருந்து, எனக்குப் பதிலா நீ போ மச்சான் எண்டு அவனை அனுப்பினது நாந்தான்.”